வீட்டுக்கு உரிய கூலி

வாடகை என்று இன்று நாம் சொல்வதற்குக் குடிக்கூலி என்று ஒரு பெயர் தமிழில் உண்டு. பேச்சு வழக்கில் அது குடக்கூலி என்று திரிந்து வழங்குவதை ஊரில் முதியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்போம். கூலி என்பது உழைப்புக்குத் தரப்படுவது. வீடு என்ன உழைக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். வெயிலைத் தான் ஏற்று நிழலை நமக்குத் தருகிறது. நான்கு மாதம் விடாது பெய்யும் மும்பை மழையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, உள்ளே நம் பிள்ளைகளைப் பாடம் படிக்க வைக்கிறது. உழைக்கும் எதுவும் தேயும். தேய்வுக்கு ஈடு செய்யாவிடில் ஒருநாள் விழும். மாட்டுக்குத் தீனி எப்படியோ, வீட்டுக்குச் சுண்ணாம்பும் சிமெண்டும் அப்படி. ஆகவே குடிக்கூலி என்னும் சொல்லுக்குள்ளேயே ஓர் அறம் ஒளிந்திருக்கிறது எனலாம். கூலி குறைந்தால் உழைக்கும் வீடு மெலியும். கூலி மிகுந்தால் கொடுக்கும் குடும்பம் மெலியும். இவ்விரண்டுக்கும் இடையே நியாயமான அளவு எது? அந்த அளவை நிறுத்தும் பொறுப்பு யாருடையது? இவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

பிழைப்பைத் தேடிப் பிற மாநிலம் வந்த நமக்கு இவை ஏட்டு வினாக்கள் அல்ல. ரயிலை விட்டு இறங்கிய அன்றே ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் எதிர்கொண்ட முதல் வினா, இன்றிரவு எங்கே படுப்பது என்பதுதான். வேலை கிடைப்பது எளிதாகவும் இடம் கிடைப்பது அரிதாகவும் இருந்த நகரம் இது. மாட்டுங்காவின் ஒற்றை அறையில் மூன்று தம்பிமாரையும் ஒரு மைத்துனரையும் வைத்துக் காப்பாற்றிய அண்ணன்மார்களின் கதை நம்மில் பலருடைய குடும்பக் கதை. தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிச் சீமை மக்களின் கதை அதைவிடக் கடினமானது. இந்நகரம் நமக்குச் சோறு போட்டது. ஆனால் கூரையை மட்டும் என்றும் எண்ணி எண்ணித்தான் கொடுத்தது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, நெருக்கமான குடியிருப்புகளே அதற்குப் பெருங்காரணம் என்று கருதப்பட்டது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா முதலிய பகுதிகள் ஒழுங்கான தெருக்களோடு உருவானது அந்த முயற்சியின் பயனே. எனினும் வீடுகள் பெருகிய வேகத்தைவிட மக்கள் பெருகிய வேகம் மிகுதி. முதல் உலகப்போரின்போது வாடகை கட்டுக்கடங்காமல் உயரவே, 1918-இல் முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரண்டாம் போர் தொடங்கிய 1939-இல் மற்றொன்று வந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் இவை அனைத்தினும் வலிமை வாய்ந்தது. 1940 செப்டம்பர் 1-ஆம் நாள் ஒரு வீட்டுக்கு என்ன வாடகை இருந்ததோ அதுவே பெரும்பாலும் அதன் நிலையான வாடகை என்று அது வகுத்தது. வாடகை செலுத்தி வருபவரைத் தக்க காரணமின்றி வெளியேற்ற இயலாது என்றும் காப்பளித்தது.

இச்சட்டத்தை எளிதாகக் குறை கூறிவிடலாகாது. பிரிவினையால் வீடிழந்து வந்த மக்கள் தெருவில் நின்ற காலம் அது. பற்றாக்குறையைப் பயன்படுத்திப் பத்து ரூபாய் அறைக்கு ஐம்பது கேட்பது வாணிகம் அன்று. பசித்தவனிடம் சோற்றுக்கு நகையைக் கேட்பது போன்றது. திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வாணிகத்தையும் சேர்த்தே பேசியிருப்பதை நாம் அறிவோம். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே ஒரு நியாயம் உண்டு என்பது நமக்குப் புதிய கருத்து அன்று. அந்த நியாயத்தைச் சட்டம் காத்தது. அந்த மாறா வாடகையின் நிழலில்தான் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் இருந்த நம் தந்தையர் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைப் பொறியியலும் மருத்துவமும் படிக்க வைத்தனர். 1960-களின் இறுதியில் இந்நகரில் தென்னாட்டவர்க்கு எதிரான குரல் எழுந்தபோதும், நம் அறையிலிருந்து நம்மை எளிதில் அகற்ற இயலாது என்னும் துணிவை அச்சட்டம் தந்தது. நன்றி மறவாமல் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் நன்றியோடு நேர்மையும் வேண்டும். 1940-இல் 20 ரூபாய் வாடகை பெற்ற ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். வரி உயர்வு முதலிய சில காரணங்களுக்காகச் சட்டம் அனுமதித்த சிறு கூட்டல்களைத் தவிர, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் வாடகை ஏறத்தாழ அந்த 20 ரூபாயாகவே நின்றது. இதற்கிடையில் கொத்தனார் கூலி நின்றதா? மரத்தின் விலை நின்றதா? குடியிருந்தவரின் சம்பளந்தான் நின்றதா? எல்லாம் பன்மடங்கு உயர, வீட்டின் கூலி மட்டும் உறைந்து நின்றது. ஒழுகும் கூரையைச் செப்பனிடும் ஒரு நாள் செலவு, அந்தக் கூரையின் கீழுள்ள வீடுகள் அனைத்தும் தரும் ஓராண்டு வாடகையைவிட மிகுந்தது. உடையவர் கைவிட்டார். கையெழுத்திட்ட ரசீது மட்டும் மாதந்தோறும் வந்தது.

வாடகை உறைந்தது, வீட்டின் மதிப்பு உறையவில்லை. மறைந்த மதிப்பு வேறு வழியில் வெளிப்பட்டது. அதற்குப் பெயர் பக்டி, அதாவது தலைப்பாகை. ஒருவர் வெளியேறி மற்றொருவர் குடிபுகும்போது கணக்கில் வராத பெருந்தொகை கைமாறியது. அதில் ஒரு பங்கு உடையவருக்கும் மறு பங்கு வெளியேறுபவருக்கும் சென்றது. ஏழையைக் காக்க வந்த சட்டத்தின் வாயிலில், ஏழையால் கட்ட முடியாத தலைப்பாகை ஒன்று காவல் நின்றது. முன்னே வந்து உள்ளே இருந்தவர் காக்கப்பட்டார். பின்னே வந்தவர் தாராவிக்கும் அதற்கு அப்பாலும் தள்ளப்பட்டார். ஒரு தலைமுறைக்குச் செய்த அறத்தின் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது.

கட்டடங்கள் தளரத் தொடங்கியபோது அரசு 1969-இல் ஒரு சட்டம் இயற்றிப் பழுதுபார்ப்பு வரியொன்றை விதித்து, செப்பனிடும் பணியைத் தானே ஏற்றது. அவ்வரிக்கு உட்பட்ட கட்டடங்கள் தீவு நகரில் 19,000-க்கும் மேற்பட்டவை. முட்டுக் கொடுத்த மரத்தூண்களோடு அவற்றுள் பல இன்றும் நிற்பதை நாம் காண்கிறோம். எல்லாம் நிற்கவில்லை. 2017 ஆகஸ்ட் 31-ஆம் நாள் காலை பேண்டி பஜார் பகுதியில் நூறாண்டு கடந்த கட்டடம் ஒன்று இடிந்து 33 உயிர்கள் மாண்டன. அதற்குக் குறைந்த வாடகை ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். காலிசெய்ய மனமின்மை, மறுகட்டுமானத் தாமதம், மேற்பார்வைக் குறை என்று காரணங்கள் பல பின்னிக் கிடக்கும். ஆயினும், கூலி பெறாத வீடு இறுதியில் யார் தலையில் விழும் என்பதற்கு அது ஒரு சான்று. அது விழுந்தது அதனுள்ளே வாழ்ந்தவர் தலையில்.

நிலையான வாடகை பற்றிய வழக்கொன்றில் 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறிய கருத்து அறநூல் பயில்வோரும் எண்ணத்தக்கது. இயற்றப்பட்டபோது நியாயமாக இருந்த ஒரு விதி, காலம் மாறியும் தான் மாறாதிருந்தால், நியாயமற்றதாக ஆகிவிடக்கூடும் என்பது அதன் சாரம். அதன்பின் வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அது ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வுக்கு இடமளித்தது. மறைவில் நடந்த பக்டியையும் சட்டத்துக்கு உட்படுத்தியது. ஆனால் 20 ரூபாய்க்கு 4 விழுக்காடு என்பது 80 காசு! அறுபது ஆண்டுப் பட்டினிக்கு அது ஒரு கவளமும் ஆகாது.

இவ்வளவில் ஒருவர், அப்படியானால் சட்டமே வேண்டாம், சந்தையே அளவை நிறுத்தட்டும் என்பார். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். புறநகரில் 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாத வாடகை 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000. அதாவது முதலில் 3 விழுக்காடு. அதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 4,000 வீதம் 48,000 போகும். வரி, வண்ணப்பூச்சு, குழாய், மின்பழுது ஆகியவற்றுக்கு 30,000 போகும். ஆள் மாறும்போது ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 20,000 போகும். எஞ்சுவது 1,42,000. உடையவர் அந்த வீட்டுக்காக வங்கியில் 60 லட்சம் கடன் வாங்கியிருந்து, வட்டி எட்டரை விழுக்காடாக இருந்தால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 5,10,000. துண்டு விழுவது 3,68,000. உடையவர் பெருமூச்சு விடுவதில் பொய் இல்லை.

இனிக் குடியிருப்பவரின் கணக்கு. மாதம் 50,000 சம்பளம் பெறும் இளைஞர் ஒருவருக்கு 20,000 வாடகை என்பது வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு. எஞ்சியதில் பள்ளிக் கட்டணம், ரயில் சீட்டு, மளிகை, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் அனைத்தும் அடங்க வேண்டும். அவர் பெருமூச்சிலும் பொய் இல்லை. உடையவரின் வட்டியையும் செலவையும் வாடகையே ஈடுகட்ட வேண்டுமானால் அது மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும். இளைஞரின் முழுச் சம்பளமும் அதற்குப் போதாது.

இருவரும் உண்மை பேசுகின்றனர், இருவருக்கும் கட்டுப்படியாகவில்லை. அப்படியானால் பிழை எங்கே? உடையவர் கொடுத்த 80 லட்சத்தில் பெரும்பகுதி செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொடுத்தது அன்று. நிலத்துக்கும், நாளை நிலத்தின் விலை ஏறும் என்னும் நம்பிக்கைக்கும் கொடுத்தது அது. அந்த ஏற்றம் வந்தால் அதன் பலன் முழுவதும் உடையவருக்கே. குடியிருப்பவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. பலனில் பங்கில்லாதவர் சுமையில் மட்டும் பங்கு ஏற்க வேண்டும் என்பது நடுவுநிலை ஆகாது. ஆகவே குடிக்கூலியின் நியாயமான அளவு இவ்வாறு அமையும் என்பது என் துணிபு. வீட்டைப் பழுதின்றி நிறுத்தும் செலவு, அதன் வரி, அதன் தேய்மானம், உடையவரின் முதலுக்கும் முயற்சிக்கும் ஒரு மிதமான ஊதியம் ஆகியவற்றை வாடகை தந்தாக வேண்டும். இவற்றைத் தராத வாடகை, குடியிருப்பவர் வீட்டின் உயிரை உண்பதாகும். உடையவர் தம் எதிர்கால நம்பிக்கைக்காக வாங்கிய கடனின் தவணையைத் தர வாடகை கடமைப்பட்டதன்று. அதையும் கேட்கும் வாடகை, வீடு குடியிருப்பவரின் உயிரை உண்பதாகும்.

கடன் வாங்கி வீடு வாங்கி, வாடகையிலேயே தவணையை அடைத்துவிடலாம் என்று தரகர் சொல்லும் சொல்லை நம் இளைஞர் பலர் நம்புகின்றனர். மேலே கண்ட கணக்கு அவர்களுக்காகவும் எழுதியது. வீட்டைக் கட்டிப்பார் என்னும் பழமொழி எச்சரிக்கையே அன்றி அழைப்பு அன்று.

நியாயமான அளவும் எட்டாத ஏழைக்கு என்ன வழி? இங்கேதான் மூன்றாமவர் வருகிறார். அவர் சமுதாயம். வறியவருக்குக் கூரை தருவது அறம் எனில், அந்த அறத்தின் செலவு அனைவருடையதும் ஆகும். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உண்மையான குறை இரக்கம் அன்று. ஊர் செய்ய வேண்டிய தருமத்தை ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் செய்ததே அதன் குறை. 2020 மார்ச் 29-ஆம் நாள், ஊரடங்கின்போது, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஆணையிட்டதை நினைவுகூர்வோம். நோக்கம் நல்லது. ஆனால் அந்த வாடகையை நம்பியே உலை வைத்த சிறு உடையவரும் உண்டல்லவா? மேல்தளத்து ஓர் அறையை வாடகைக்கு விட்டுக் கீழ்த்தளத்தில் வாழும் விதவையிடம் தருமம் செய் என்று ஆணையிட்ட அரசு, அவருக்கு ஈடு தரவில்லை. ஆணையிருந்தும் பல்லாயிரவர் வாடகைக்கு வழியின்றி ஊர் நோக்கி நடந்ததை நாம் கண்டோம். அதே ஆண்டு ஜூலையில் வாடகைக் குடியிருப்புக்கென ஒரு திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அறிவு வந்தது, துன்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஊர் சேர்ந்து சுமப்பது இயலாததும் அன்று, எளிதானதும் அன்று. 1920-களில் பம்பாய் அரசு வொர்லி, நய்காவ், லோயர் பரேல், சிவ்டி ஆகிய இடங்களில் தொழிலாளருக்காக 207 சால்களை எழுப்பியது. அம்முயற்சிக்குப் பொருள் திரட்ட, நகருக்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் 1 ரூபாய் வரி விதிக்கப்பட்டது. பருத்தியால் நகரம் செழிக்கிறது. பருத்தி ஆலையில் உழைப்பவருக்கு அப்பருத்தியே கூரை தரட்டும் என்பது அதன் உட்பொருள். எண்ணம் அழகியது. ஆனால் கட்டிய செலவு மிகுந்ததால் வாடகையும் மிகுந்து, தொடக்கத்தில் பல அறைகள் ஆளின்றிக் கிடந்தன. பொதுப்பணமாயினும் கணக்குத் தவறினால் அறம் தவறும் என்பதற்கு அதுவும் பாடம்.

இனி நம்மை நோக்கி ஒரு சொல். நம்முள் பெரும்பாலோர் குடியிருப்பவராக வந்தோம். இன்று பலர் உடையவராக இருக்கிறோம். முலுண்டிலோ டோம்பிவிலியிலோ ஒன்று, சென்னையில் மற்றொன்று என்று வீடு வைத்திருப்பவர் நம்மிடையே அரியர் அல்லர். 1973-இல் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் உரிம முறையில் குடியிருந்தவர்கள் வாடகைதாரராகவே ஆக்கப்பட்டனர். ஆள் வைத்தால் வீடு போய்விடும் என்னும் அச்சம் அன்று பரவியது. இன்றும் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. பூட்டிய வீடே பத்திரமான வீடு என்று எண்ணுகிறோம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. இந்நகரில் மட்டும் அத்தகையவை ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் என்று 2017-18-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை குறித்தது. நகர வீடுகளில் வாடகை வீடுகளின் பங்கு 1961-இல் 54 விழுக்காடாக இருந்து 2011-இல் 28 விழுக்காடாகக் குறைந்ததையும் அவ்வறிக்கை காட்டியது. நடைபாதையில் மக்கள் உறங்கும் ஊரில் விளக்கேற்றாத இத்தனை வீடுகள்! அவற்றுள் ஒன்றின் சாவி நம் பீரோவில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்து எத்தனை பேர் சொல்ல இயலும்?

சாவி மட்டுமா? முன்னொருநாள் மதராசி என்று சொல்லி நமக்குக் கதவு சாத்தப்பட்டபோது நாம் பட்ட புண்ணை நாம் மறந்திலோம். ஆயினும் நம் வீட்டுக்கு ஆள் தேடும்போது, என்ன உண்பீர், எந்த ஊர், என்ன வகுப்பு என்று கேட்கிறோம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். வீட்டு வாடகைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்று மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஏற்ற மாதிரிச் சட்டம் கூறுகிறது. அது சட்டமாக வரும்வரை நம் மனச்சாட்சி காத்திருக்க வேண்டுமா? மறுபுறம், சொந்த வீடு கட்டிக் குடியேறிய பின்னும் பழைய மாட்டுங்கா அறையை அதே பழைய வாடகைக்குப் பிடித்துவைத்து, அதைப் பிறருக்கு உள்வாடகைக்கு விட்டவரும் நம்முள் இருந்தனர். ஏழைக்கென வந்த காப்பை ஏழ்மை நீங்கிய பின்னும் போர்த்திக்கொள்வது, இன்னொரு ஏழையின் போர்வையை எடுத்துக்கொள்வதே ஆகும்.

விருந்தோம்பலைத் திருவள்ளுவர் இல்லறத்தின் பகுதியாக வைத்தார். வாடகைக்கு வருபவர் விருந்தினர் அல்லர். விலை கொடுத்து வருபவர். ஆயினும் அவர் நம் கூரையின் கீழ் வருகிறார். விலை கொடுத்ததனால் அவர் மனிதராக இருப்பது நின்றுவிடுவதில்லை. விலை பெற்றதனால் நம் கடமை தீர்ந்துவிடுவதும் இல்லை. அவ்வாறே குடியிருப்பவரும், இது எனதன்று என்பதற்காகச் சுவரில் ஆணி அறைந்து பாழ்படுத்தும் உரிமை உடையவர் அல்லர். உடையவர் வீட்டைக் காக்கட்டும். குடியிருப்பவர் கூலியைக் கொடுக்கட்டும். இருவராலும் இயலாத எல்லையில் ஊர் வந்து தோள் கொடுக்கட்டும். இம்மூவருள் ஒருவர் தம் பங்கை மற்றவர் மேல் தள்ளினாலும் கூரை சாயும்.

நம் தந்தையர்க்கு இந்நகரில் ஓர் அறை கிடைத்தது. யாரோ ஒருவர் திறந்துவிட்ட கதவு அது. இன்றிரவும் தென்னாட்டிலிருந்து ஒரு ரயில் வந்து சேரும். கையில் பெட்டியும் நெஞ்சில் அச்சமுமாய் ஓர் இளைஞர் அதிலிருந்து இறங்குவார். அவர் தட்டப்போகும் கதவு நம்முடையதாகவும் இருக்கலாம்.